சேர்மங்களுக்கு வாய்பாடு எழுதவும் பெயர் வைக்கவும்: கணக்கிலிருந்து தொடங்கும் ஒரு வழி

வேதியியல் வாய்பாடுகளைப் பெரும்பாலோர் மனப்பாடம் செய்தே கற்றுக்கொள்ளப் பார்க்கிறார்கள். ஐம்பது வாய்பாடு உருப்போட்டாலும் ஐம்பத்தொன்றாவது வந்தால் கை நின்றுவிடும். அதற்குப் பதிலாக இருபத்தைந்து அயனிகளின் (மின்சுமை பெற்ற அணுக்கள் அல்லது அணுக்கூட்டங்கள்) மின்சுமையைத் தெரிந்துகொண்டு, பெயர் வைக்கும் இரண்டு முறைகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். பாடப்புத்தகத்தில் வருகிற சேர்மங்களில் பெரும்பாலானவற்றை நீங்களே எழுதிவிடலாம்.

அதனால் இங்கே ஒரு மாற்று வழியில் போகப்போகிறோம். தனிமங்களின் குறியீடுகளை ஓரமாக வைத்துவிட்டு, எந்த அணு எத்தனை என்பதைப் பெயராலேயே எழுதுவோம். ‘2 அலுமினியம், 3 ஆக்சிஜன்’ என்பது போல. கணக்கு சரியாக வந்துவிட்டால் அப்புறம் குறியீட்டை மாற்றிப் போடுவது ஒரு நிமிட வேலை. கணக்கே தப்பு என்றால் குறியீடு எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

இலங்கைப் பாடநூல்களில் படிக்கிறவர்கள் தனிமத்தை மூலகம் என்றும், சேர்மத்தைச் சேர்வை என்றும், அயனியை அயன் என்றும், வாய்பாட்டைச் சூத்திரம் என்றும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: உலோகம் இருக்கிறதா?

எந்தச் சேர்மத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். உலோகமும் அலோகமும் சேர்ந்திருந்தால் ஒரு முறை. இரண்டுமே அலோகம் என்றால் வேறு முறை. பெயர் வைப்பதில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கலந்துவிடுவதால் வருபவை. ‘கால்சியம் டைகுளோரைடு’ என்று எழுதுவது அப்படிப்பட்ட ஒன்று. கால்சியம் உலோகம், அங்கே ‘டை’க்கு வேலையில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கை இப்போதே சொல்லிவிடுகிறேன். அமோனியம் என்ற அயனியில் உலோகம் எதுவும் கிடையாது; 1 நைட்ரஜனும் 4 ஹைட்ரஜனும்தான். ஆனால் அது நேர்மின்சுமையோடு உலோகத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதை உலோகமாகவே நடத்துங்கள்.

மின்சுமைகள்

உலோகம் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகிறது. அலோகம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு எதிர்மின் அயனியாகிறது. எத்தனை இழக்கும், எத்தனை வாங்கும் என்பதற்குத் தனிம வரிசை அட்டவணையிலேயே பதில் இருக்கிறது.

முதல் தொகுதியில் உள்ள லித்தியம், சோடியம், பொட்டாசியம் எல்லாம் +1. இரண்டாம் தொகுதியில் உள்ள மெக்னீசியம், கால்சியம், பேரியம் எல்லாம் +2. அலுமினியம் +3. வலது பக்கத்திலிருந்து வந்தால், 17ஆம் தொகுதியின் புளோரின், குளோரின், புரோமின், அயோடின் −1. ஆக்சிஜனும் கந்தகமும் −2. நைட்ரஜன் −3. இவற்றோடு துத்தநாகம் +2, வெள்ளி +1 என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் முதல் தவணை.

இனி விதி ஒன்றே ஒன்று: மொத்தமாகக் கூட்டினால் மின்சுமை பூஜ்யம் ஆக வேண்டும்.

சோடியம் +1, குளோரின் −1. ஒன்றுக்கு ஒன்று போதும். மெக்னீசியம் +2, குளோரின் −1. குளோரின் இரண்டு வேண்டும். அலுமினியமும் ஆக்சிஜனும் கொஞ்சம் யோசிக்க வைக்கும்: +3க்கும் −2க்கும் பொதுவாக வரும் எண் 6. எனவே 2 அலுமினியம் (+6), 3 ஆக்சிஜன் (−6).

பள்ளிக்கூடங்களில் இதற்கு ஒரு குறுக்கு வழி சொல்லித்தருவார்கள். ஒன்றின் இணைதிறனை (இங்கே மின்சுமையின் எண்) மற்றொன்றின் அடியில் மாற்றிப் போடுவது. அலுமினியத்தின் 3 ஆக்சிஜனுக்கு, ஆக்சிஜனின் 2 அலுமினியத்துக்கு. வேகமான வழிதான். ஆனால் மெக்னீசியமும் ஆக்சிஜனும் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘2 மெக்னீசியம், 2 ஆக்சிஜன்’ என்று நிற்கும். இப்படி அயனிகள் சேர்ந்து உருவாகும் அயனிச் சேர்மத்தில் நாம் எழுதுவது விகிதம். அதைச் சுருக்கி ஒன்றுக்கு ஒன்று என்றுதான் எழுத வேண்டும். என்னைக் கேட்டால் முதல் சில வாரங்கள் குறுக்கு வழியைத் தொடவே வேண்டாம். கூட்டிப் பூஜ்யம் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் வந்தபின் எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

பெயர் வைப்பது இங்கே சுலபம். உலோகத்தின் பெயர் அப்படியே. அலோகத்தின் வால் ‘ஐடு’ என்று மாறும். குளோரின் குளோரைடு ஆகும், ஆக்சிஜன் ஆக்சைடு, கந்தகம் சல்பைடு, நைட்ரஜன் நைட்ரைடு. எண்ணிக்கையைப் பெயரில் சொல்வதில்லை. மெக்னீசியம் குளோரைடு என்றாலே குளோரின் இரண்டு என்று தெரிந்துவிடும். மின்சுமை அதற்கு மேல் விடாது.

இரண்டு முகம் காட்டும் உலோகங்கள்

இரும்புக்கு +2, +3 இரண்டும் உண்டு. தாமிரத்துக்கு +1, +2. வெள்ளீயத்துக்கும் (டின்) காரீயத்துக்கும் +2, +4. ‘இரும்பு குளோரைடு’ என்று மட்டும் சொன்னால் எது என்று தெரியாது. 2 குளோரின் உள்ளதா, 3 குளோரின் உள்ளதா?

பழைய வழக்கத்தில் குறைந்த மின்சுமைக்கு ‘அஸ்’, கூடிய மின்சுமைக்கு ‘இக்’. இரும்புக்கு லத்தீனில் ஃபெரம். எனவே +2 ஃபெரஸ், +3 ஃபெரிக். தாமிரத்துக்குக் குப்ரஸ், குப்ரிக். இது இன்னும் சாகவில்லை. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் ஃபெரஸ் சல்பேட் என்று இருப்பதைப் பார்க்கலாம். ஆனால் ‘அஸ்’ என்றால் எத்தனை என்பது உலோகத்துக்கு உலோகம் மாறும். ஃபெரஸ் +2, குப்ரஸ் +1. குப்ரிக்கோ +2. அதுதான் தொல்லை.

ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1919ல் முன்வைத்த முறை இந்தத் தொல்லையைத் தீர்த்தது: உலோகத்தின் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் அதன் மின்சுமையை ரோமன் எண்ணில் போட்டுவிடுவது. வாயால் சொல்லும்போது ‘அயர்ன் டூ குளோரைடு’, ‘அயர்ன் த்ரீ குளோரைடு’ என்கிறோம். எழுதும்போது உலோகத்தின் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் இடைவெளி விடுவதில்லை.

இங்கே ஒரு பெரிய குழப்பம் காத்திருக்கிறது. அந்த ரோமன் எண் உலோக அணுவின் எண்ணிக்கை இல்லை, மின்சுமை. ‘அயர்ன் த்ரீ ஆக்சைடு’ என்பதில் இரும்பு அணு இரண்டுதான். வாய்பாட்டிலிருந்து பெயருக்குப் போகும்போது, எப்போதும் எதிர்மின் பக்கத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். 2 இரும்பு, 3 ஆக்சிஜன் என்று கொடுத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் மாறாது, மூன்று −2 சேர்ந்து −6. அப்படியானால் இரண்டு இரும்பும் சேர்ந்து +6, ஒன்றுக்கு +3. எனவே அயர்ன் த்ரீ ஆக்சைடு. இதே கணக்கைத் தாமிரத்தில் போடுங்கள். 1 தாமிரம், 1 ஆக்சிஜன் என்றால் காப்பர் டூ ஆக்சைடு, அது கறுப்பு. 2 தாமிரம், 1 ஆக்சிஜன் என்றால் காப்பர் ஒன் ஆக்சைடு, அது சிவப்பு. கண்ணால் பார்த்தாலே வேறு வேறு பொருள்கள். பெயரில் எண் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு பொடிகளையும் காட்டலாம்.

கணக்குக்குப் படியாத ஒன்றும் உண்டு. 3 இரும்பு, 4 ஆக்சிஜன். எதிர்மின் பக்கம் −8; மூன்று இரும்பால் வகுத்தால் முழு எண் வராது. சேலம் கஞ்சமலையில் கிடைக்கிற மேக்னடைட் தாது இதுதான். அதற்குள் ஒரு இரும்பு +2 ஆகவும் இரண்டு இரும்பு +3 ஆகவும் இருக்கின்றன. 2 + 3 + 3, மொத்தம் 8. விதி உடையவில்லை, ஒரே சேர்மத்தில் இரண்டு முகமும் இருக்கிறது, அவ்வளவுதான்.

சோடியத்துக்கோ கால்சியத்துக்கோ துத்தநாகத்துக்கோ ரோமன் எண் போட வேண்டாம். அவற்றுக்கு ஒரே முகம்.

கூட்டமாகத் திரியும் அயனிகள்

சில அணுக்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரே அயனியாக நடந்துகொள்ளும். இவற்றைப் பல்லணு அயனி என்போம். இங்கே மட்டும் கொஞ்சம் மனப்பாடம் தவிர்க்க முடியாது. எதில் எத்தனை அணு, மொத்த மின்சுமை எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஹைட்ராக்சைடு: 1 ஆக்சிஜன், 1 ஹைட்ரஜன், −1.
நைட்ரேட்: 1 நைட்ரஜன், 3 ஆக்சிஜன், −1.
கார்பனேட்: 1 கார்பன், 3 ஆக்சிஜன், −2.
சல்பேட்: 1 கந்தகம், 4 ஆக்சிஜன், −2.
பாஸ்பேட்: 1 பாஸ்பரஸ், 4 ஆக்சிஜன், −3.
அமோனியம்: 1 நைட்ரஜன், 4 ஹைட்ரஜன், +1.

இந்த ஆறு போதும் ஆரம்பத்துக்கு. மற்றவற்றை இவற்றிலிருந்தே வருவிக்கலாம். ‘ஏட்’டிலிருந்து ஒரு ஆக்சிஜன் குறைந்தால் ‘ஐட்’, மின்சுமை மாறாது. நைட்ரேட்டில் 3 ஆக்சிஜன் என்றால் நைட்ரைட்டில் 2. சல்பேட்டில் 4 என்றால் சல்பைட்டில் 3. தமிழில் எழுதும்போது இந்த ‘ஐட்’டும் ஆக்சிஜனே இல்லாத ‘ஐடு’ம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். கந்தகம் மட்டும் உள்ள அயனியும் சல்பைடு, 3 ஆக்சிஜன் உள்ளதும் சல்பைட். கடைசி எழுத்தைக் கவனித்துப் படியுங்கள். சந்தேகம் வந்தால் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்.

குளோரினுக்கு நான்கு பேர் கொண்ட குடும்பமே உண்டு. ஆக்சிஜன் 1 என்றால் ஹைப்போகுளோரைட், 2 குளோரைட், 3 குளோரேட், 4 பெர்குளோரேட். நான்குக்கும் −1தான். தரை துடைக்கிற, துணி வெளுக்கிற திரவங்களில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருக்கும்: 1 சோடியம், 1 குளோரின், 1 ஆக்சிஜன். சமையல் உப்புக்கும் அதற்கும் ஒரு ஆக்சிஜன்தான் வித்தியாசம். ஒன்றைச் சாப்பிடுகிறோம், மற்றொன்றைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கிறோம்.

அடைப்புக்குறி எதற்கு என்பது இங்கேதான் புரியும். கால்சியம் ஹைட்ராக்சைடில் கால்சியம் +2, எனவே இரண்டு ஹைட்ராக்சைடு வேண்டும். கூட்டம் முழுவதும் இரண்டு என்று காட்ட, ஹைட்ராக்சைடை அடைப்புக்குள் போட்டு, அடைப்புக்கு வெளியே அடியில் 2 எழுத வேண்டும். அடைப்பை விட்டுவிட்டால் அந்த 2 கடைசியில் உள்ள ஹைட்ரஜனுக்கு மட்டும் சேர்ந்துவிடும். ஆக்சிஜன் ஒன்றோடு நின்றுவிடும். கூட்டம் ஒன்றே ஒன்று என்றால் அடைப்பு தேவையில்லை.

கால்சியம் பாஸ்பேட்டைப் போட்டுப் பார்ப்போம். +2, −3, பொது எண் 6. எனவே 3 கால்சியம், 2 பாஸ்பேட். அணுக்களாக விரித்தால் 3 கால்சியம், 2 பாஸ்பரஸ், 8 ஆக்சிஜன். விரித்து எண்ணும் வேலையைச் சோம்பல் படாமல் ஒவ்வொன்றிலும் செய்யுங்கள். சமன்பாடுகளைச் சமன்செய்யும் பாடம் வரும்போது அதுதான் கைகொடுக்கும்.

உர மூட்டையில் ஒரு பாடம்

உரக்கடையில் டிஏபி என்று கேட்டு வாங்குகிறோமே, அது டைஅமோனியம் பாஸ்பேட். அயனிச் சேர்மத்தில் ‘டை’ கூடாது என்றோம், இங்கே இருக்கிறது. தவிர, கணக்குப் போட்டால் இன்னொன்றும் இடிக்கும்: அமோனியம் +1, பாஸ்பேட் −3. மூன்று அமோனியம் அல்லவா வர வேண்டும்?

விடை ஹைட்ரஜனில் இருக்கிறது. பாஸ்பேட்டோடு ஒரு ஹைட்ரஜன் அயனி (+1) ஒட்டிக்கொண்டால் மின்சுமை −2 ஆகிவிடும். அதன் பெயர் ஹைட்ரஜன் பாஸ்பேட். −2க்கு இரண்டு அமோனியம் சரியாகப் போகும். முழுப் பெயர் டைஅமோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். வியாபாரத்தில் ஹைட்ரஜனை விழுங்கிவிட்டார்கள். விரித்தால் 2 நைட்ரஜன், 9 ஹைட்ரஜன், 1 பாஸ்பரஸ், 4 ஆக்சிஜன். பாஸ்பேட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எத்தனை இடத்தில் அமோனியம் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டத்தான் இந்த ‘டை’. உப்புக் கரைசல் பொட்டலமான ஓஆர்எஸ்ஸில் இருக்கும் ட்ரைசோடியம் சிட்ரேட்டில் ‘ட்ரை’ வருவதும் இதே காரணத்தால்தான். சிட்ரிக் அமிலத்தில் விட்டுக்கொடுக்கக்கூடிய ஹைட்ரஜன் மூன்று. மூன்று இடத்திலும் சோடியம்.

இதே ஹைட்ரஜன் ஒட்டும் வேலை கார்பனேட்டிலும் நடக்கும். −2 உள்ள கார்பனேட்டோடு ஒரு ஹைட்ரஜன் சேர்ந்தால் −1 உள்ள ஹைட்ரஜன் கார்பனேட். ஆப்பச் சோடா சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட்: ஒரு சோடியம் போதும். சலவைச் சோடா சோடியம் கார்பனேட்: இரண்டு சோடியம் வேண்டும். பழைய புத்தகங்களில் முதலாவதைப் பைகார்பனேட் என்பார்கள். அந்தப் ‘பை’யைப் பார்த்து இரண்டு கார்பனேட் என்று நினைத்துவிட வேண்டாம்.

டிஏபி மூட்டையில் 18:46:0 என்று அச்சிட்டிருப்பார்கள். 18 நைட்ரஜன் சதவீதம். 46 என்பது பாஸ்பரஸின் சதவீதம் இல்லை. பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்ட சதவீதம். மூட்டைக்குள் அந்த ஆக்சைடு கிடையாது. பல நாடுகளில் உரக் கணக்கு அப்படித்தான் பழகிவிட்டது. அந்தப் பெயரில் வரும் ‘பென்டா’ நம்மை அடுத்த முறைக்கு அழைத்துப் போகிறது.

இரண்டும் அலோகம் என்றால்

இங்கே அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே ஜோடித் தனிமங்கள் பல விகிதங்களில் சேரும். எனவே எண்ணிக்கையைப் பெயரிலேயே சொல்லியாக வேண்டும். மோனோ 1, டை 2, ட்ரை 3, டெட்ரா 4, பென்டா 5, ஹெக்சா 6, ஹெப்டா 7, ஆக்டா 8, நோனா 9, டெகா 10.

முதல் தனிமம் ஒன்றே ஒன்று என்றால் மோனோ போடுவதில்லை. இரண்டாவதற்கு எண்ணும் ‘ஐடு’ வாலும் கட்டாயம். 1 கார்பன், 1 ஆக்சிஜன் கார்பன் மோனாக்சைடு. 2 ஆக்சிஜன் என்றால் கார்பன் டைஆக்சைடு. 1 பாஸ்பரஸோடு 3 குளோரின் பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடு, 5 என்றால் பென்டாகுளோரைடு. மின்துணை நிலையங்களின் சுவிட்சுகளில் நிரப்புகிற சல்பர் ஹெக்சாபுளூரைடில் 1 கந்தகம், 6 புளோரின். 2 நைட்ரஜனும் 1 ஆக்சிஜனும் டைநைட்ரஜன் மோனாக்சைடு, சிரிப்பு வாயு.

முக்கியமான வேறுபாடு: இங்கே விகிதத்தைச் சுருக்கக் கூடாது. மூலக்கூறில் உண்மையில் எத்தனை அணு இருக்கிறதோ அதைத்தான் எழுதுகிறோம். ஹைட்ரஜன் பெராக்சைடு 2 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்கினால் வேறு ஏதோ ஆகிவிடும். உர மூட்டையின் பாஸ்பரஸ் பென்டாக்சைடு இந்த விஷயத்தில் ஒரு பழைய மிச்சம். அதன் மூலக்கூறில் இருப்பவை 4 பாஸ்பரஸ், 10 ஆக்சிஜன். சுருக்கிய விகிதத்தை வைத்து வந்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

தண்ணீர், அமோனியா, மீத்தேன் போன்றவற்றுக்குச் சொந்தப் பெயர் உண்டு, அதையே சொல்லுங்கள். யூரியாவும் அப்படித்தான், பெயரை வைத்து அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ‘டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்ற ஆபத்தான ரசாயனம் எல்லா ஆறுகளிலும் கலந்திருக்கிறது’ என்று யாராவது செய்தி அனுப்பினால், இனி உங்களால் சிரிக்க முடியும்.

அமிலங்கள், சுருக்கமாக

ஹைட்ரஜன் முன்னால் வந்து, நீரில் கரைந்திருந்தால் அமிலப் பெயர். ‘ஐடு’ அயனி என்றால் ‘ஹைட்ரோ–இக்’: குளோரைடிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம். ‘ஏட்’ என்றால் ‘இக்’: நைட்ரேட்டிலிருந்து நைட்ரிக், சல்பேட்டிலிருந்து சல்பியூரிக். ‘ஐட்’ என்றால் ‘அஸ்’: நைட்ரைட்டிலிருந்து நைட்ரஸ். ஹைட்ரஜன் எத்தனை என்பது பழைய கணக்குதான். சல்பேட் −2, ஹைட்ரஜன் 2.

இப்போது குறியீடுகள்

இன்று நாம் எழுதும் எழுத்துக் குறியீடுகள் ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ் 1813, 1814 வாக்கில் கொண்டுவந்த முறையிலிருந்து வந்தவை. தனிமத்தின் லத்தீன் பெயரின் முதல் எழுத்து, தேவைப்பட்டால் இன்னொரு எழுத்து. அதனால்தான் சோடியத்துக்கு என்.ஏ. (நேட்ரியம்), பொட்டாசியத்துக்கு கே (காலியம்), இரும்புக்கு எஃப்.இ. (ஃபெரம்), வெள்ளிக்கு ஏ.ஜி. (அர்ஜெண்டம்), காரீயத்துக்கு பி.பி. (பிளம்பம்). அதன் முதல் எழுத்தான பி (P) மட்டும் தனியே வந்தால் அது பாஸ்பரஸ். அதைப் பொட்டாசியத்துக்குப் போடுவது அடிக்கடி நடக்கிற தவறு. மெக்னீசியம் எம்.ஜி., மாங்கனீசு எம்.என்.; இவற்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சிறியது. இதை அழகுக்காக வைக்கவில்லை. சி பெரிதாகவும் ஓ சிறிதாகவும் எழுதினால் கோபால்ட் என்ற உலோகம். இரண்டையும் பெரிதாக எழுதினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. எண்களைத் தனிமத்துக்குப் பின்னால் அடியில் சிறிதாக எழுதுங்கள். 1 என்றால் எழுதவே வேண்டாம். உலோகம் அல்லது அமோனியம் முன்னால்.

செய்து பாருங்கள்

மூன்று கணக்கு தருகிறேன். விடையைப் பார்க்குமுன் தாளில் போட்டுவிடுங்கள். அமோனியம் சல்பேட், டின் ஃபோர் ஆக்சைடு, கடைசியாக, முகம் மழித்தபின் தடவுகிற படிகாரம். படிகாரத்தின் பெயர் பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். அதில் பொட்டாசியமும் அலுமினியமும் ஒவ்வொன்று, சல்பேட் எத்தனை?

முதலாவது: சல்பேட் −2, எனவே 2 அமோனியம், அடைப்புக்குறியோடு. விரித்தால் 2 நைட்ரஜன், 8 ஹைட்ரஜன், 1 கந்தகம், 4 ஆக்சிஜன். இரண்டாவது: வெள்ளீயம் +4, ஆக்சிஜன் −2, 1 வெள்ளீயம், 2 ஆக்சிஜன். மாற்றிப் போட்டு 2, 4 என்று எழுதியவர்கள் சுருக்க மறந்திருக்கிறீர்கள். மூன்றாவது: பொட்டாசியம் +1, அலுமினியம் +3, கூட்டினால் +4. சல்பேட் 2. படிகாரக் கட்டியில் இவற்றோடு 12 தண்ணீர் மூலக்கூறும் படிகநீராகச் சேர்ந்திருக்கும். வாய்பாட்டின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து அதை எழுதுவார்கள். மயில்துத்தத்தில் அதே இடத்தில் 5 தண்ணீர்: காப்பர் டூ சல்பேட் பென்டாஹைட்ரேட். சூடுபடுத்தித் தண்ணீர் போய்விட்டால் நீலம் வெளுத்து வெள்ளைப் பொடியாகும். தண்ணீருக்கு மின்சுமை இல்லாததால் கணக்கில் எதுவும் மாறாது.